எழுதப்படாத ஒரு பிறப்பு

"என்னப் பத்தி என்ன எழுதியிருக்க? படி, கேப்போம்" என்றார் ஸ்டெல்லா.

மலேசியாவில், லுக்குட் என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பழைய பாலர் பள்ளிக் கட்டடம் அது. மதியம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர், வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் விழுந்துகொண்டிருந்தது. என் மாணவர்கள் பன்னிரண்டு பேரும் இரண்டு வாரம் தோட்ட வீடுகளில் தங்கி முடித்து, விடைபெறுவதற்காகக் கூடியிருந்தார்கள்.

அமிர்தாவுக்கு இருபது வயது. பெட்டாலிங் ஜெயாவில் பிறந்து வளர்ந்தவள். அந்த இரண்டு வாரமும் ஸ்டெல்லாவின் வீட்டில் தங்கியிருந்தாள். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். ஸ்டெல்லா கேட்டதும் முகம் சிவந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அவங்க கண்ணுல எப்பவும் ஒரு சோகம் இருக்கு. வறுமை அவங்க சிரிப்பைத் திருடிட்டுப் போயிடுச்சு..."

ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தார். "என் கண்ணு அப்படித்தான் லா! எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இமை தொங்கும்." எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தாவும் சிரித்தாள்.

"சரி, எனக்கு ஐசி இல்லன்னு எழுதியிருக்கியா?" ஐசி என்றால் அடையாள அட்டை.

"எழுதியிருக்கேன்க்கா. ஒரு பத்தி முழுக்க."

"போன வருசம் வந்த பிள்ளையும் எழுதுச்சு. அதுக்கு முந்தி வந்த சீனப் பிள்ளையும் எழுதுச்சு." என் பக்கம் திரும்பினார். "அவங்களுக்கெல்லாம் மார்க் கெடச்சுதா டீச்சர்?"

"கிடைச்சுது."

"நல்லது. படிக்கிற பிள்ளைங்க, நல்லா வரட்டும். ஆனா மூணு பேரு எழுதியும் எனக்கு இன்னும் ஐசி வரல."

குரலில் கோபம் இல்லை. கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

என் தொடரின் இந்த அத்தியாயத்தை ஸ்டெல்லாவுக்கு முழுவதும் படித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார். ஒன்று, தன் வயதைப் போட வேண்டாம் என்பது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

அழுதால் நல்ல பாடம்

அந்தப் பாடத்தை உருவாக்கியவள் நான்தான். சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளராக இருந்தேன். 'வறுமையும் சமூக நீதியும்' என்று பெயர் வைத்து, மாணவர்களை ஒவ்வொருவராகத் தோட்டக் குடும்பங்களோடு தங்க வைக்கும் திட்டத்தை எழுதிக் கொடுத்தபோது, கல்லூரியில் எல்லோரும் பாராட்டினார்கள்.

பிள்ளைகள் விடியற்காலையில் எழுவார்கள். செம்பனைக் கன்றுப் பண்ணைக்குப் போய் பைகளில் மண் நிரப்புவார்கள். நெத்திலிச் சம்பலும் சோறும் சாப்பிடுவார்கள். இரண்டாவது வாரக் கடைசியில், புறப்படும்போது, வீட்டுக்காரர்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். திரும்பிப் போகும் பேருந்தில் அந்த அழுகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். பாடம் நன்றாக நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

தோட்டத்தை நான் அறிந்தவள் என்ற கர்வமும் இருந்தது. போன வாரம் அம்மாவின் தையல் இயந்திரத்தைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நீங்களும் லயத்தில் வளர்ந்தவரா?"

இல்லை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் நான் வளரவில்லை. நான் கிராணி வீட்டுப் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா ரயில்வேயில் எழுத்தர். அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது எழுத்து வேலை முழுவதையும் பார்க்கிறவர். எங்கள் வீடு மேட்டில் இருந்தது. கொசுவலை அடித்த ஜன்னல்கள், முன்னால் செம்பருத்தி வேலி. லயத்துக் குழந்தைகள் எங்களோடு விளையாட வந்தால் சமையலறைப் பக்கமாகத்தான் வருவார்கள். யாரும் அப்படி வரச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

மேட்டிலிருந்து பார்த்த தோட்டத்தைத்தான் 'அறிந்த தோட்டம்' என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஃபெயில் போடுங்க மேடம்"

தோட்டத்திலிருந்து திரும்பிய மூன்றாவது நாள் அமிர்தா என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், அந்தக் கட்டுரையை நான் கொடுக்கப் போறதில்ல."

"ஏன்?"

"ரெண்டு வாரம் ஸ்டெல்லா அக்கா வீட்டுல சாப்பிட்டிருக்கேன். அவங்க எங்க பிறந்தாங்கன்னு கூட நான் கேக்கல. கண்ணைப் பாத்து எழுதியிருக்கேன்."

"அதுக்கு?"

"அவங்க ஐசி வேலைய நான் பாக்கலாமான்னு கேக்க வந்தேன். கட்டுரைக்குப் பதிலா."

கல்லூரியில் அப்படி ஒரு வழியே கிடையாது என்றேன். கட்டுரை வரவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன்.

"சரி, ஃபெயில் போடுங்க மேடம்" என்றாள். மிரட்டுகிற தொனி இல்லை. நிஜமாகவே யோசித்துவிட்டு வந்திருந்தாள்.

அன்று மாலைவரை எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, கட்டுரை வேண்டாம், ஸ்டெல்லாவின் விண்ணப்பம்தான் உன் பாடம் என்று சொன்னேன். கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது நான் துணிச்சலான ஆசிரியை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு நான்கு நாள்தான் நீடித்தது.

பகாவ் பக்கம்

அந்தச் சனிக்கிழமை அமிர்தாவும் நானும் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனோம். அவருடைய கணவர் நாதன் லாரி ஓட்டுகிறவர், அன்று வேலைக்குப் போயிருந்தார். மகள் ஜாய் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அவள் தரையில் கவிழ்ந்து படுத்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் அடையாள அட்டை இல்லை. அதனால் நாதனோடு நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியவில்லை. கல்யாணம் பதிவாகாததால் பிள்ளை தாயின் நிலையைத்தான் அடையும். தாய்க்கு நாடு இல்லை, ஆகவே ஜாய்க்கும் இல்லை. ஜாயின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைக்கான இடத்தில் 'குடிமகள் அல்ல' என்று இருந்தது. பள்ளியில் தலைமையாசிரியர் மனம் வைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். இடைநிலைப் பள்ளியில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

"என்னோட போனா பரவால்ல. பிள்ளைக்கும் ஒட்டிக்கிச்சு பாரு, அதான்" என்றார் ஸ்டெல்லா.

அமிர்தா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "அக்கா, நீங்க எங்க பிறந்தீங்க?"

"பகாவ் பக்கம். பால்மரம், ரப்பர்த் தோட்டம் அப்ப." தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "ரெண்டாவது டிவிசன் லயத்துல. எங்கம்மா லெட்சுமி, அப்பா அருளப்பன். அம்மா செத்தப்ப எனக்குப் பத்து நாளுன்னு அத்தை சொல்லும். அப்பா எனக்கு ஒம்பது வயசுல போயிட்டாரு. அப்புறம் அத்தைதான் இங்க கூட்டிட்டு வந்து வளத்துச்சு."

"பிறப்பை ஏன் பதியல?"

"அப்பா ஆபீசுக்குப் போனாராம். கிராணி எழுத மாட்டேன்னுட்டாராம். அவ்வளவுதான் தெரியும்."

அந்தத் தோட்டம் எனக்குத் தெரியும். அதன் ஆபீஸ், ஆபீஸ் வாசலில் தொங்கிய மணி, மேட்டின் மேலிருந்த வீடு எல்லாம் தெரியும். ஸ்டெல்லா பிறந்த காலத்தில் நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு அந்த வீட்டுக்குத்தான் போவேன்.

அமிர்தா எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா எனக்கு இன்னொரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு காகிதங்கள்

அடுத்த சில வாரங்களில் அமிர்தா செய்த வேலையை நான் என் ஆராய்ச்சியில்கூடச் செய்ததில்லை. யாரைக் கேட்க வேண்டும், எந்தப் படிவம், எந்தக் கவுண்டர் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். ஸ்டெல்லாவின் அத்தையைப் பார்த்துப் பேசி, லெட்சுமியின் இறப்புப் பதிவுக்கு அத்தை மூலமாக விண்ணப்பம் போட வைத்தாள்.

பகாவில் இருந்த தேவாலயத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அங்கே இருந்த உபதேசியார் அலமாரியிலிருந்து பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக இறங்கி வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஸ்டெல்லா மேரி. அப்பா அருளப்பன், அம்மா லெட்சுமி. பிறந்த தேதியும் இருக்கும்மா."

ஸ்டெல்லா குனிந்து பார்த்தார். அவருக்கு அந்தப் பழைய கையெழுத்தைப் படிக்க வரவில்லை. "அது நானா?" என்று கேட்டார். உபதேசியார் மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்டினார். மூன்றாவது முறை வாசிக்கச் சொன்னபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

லெட்சுமியின் இறப்புப் பதிவின் நகலும் அன்றைக்கே பதிவு அலுவலகத்தில் கைக்கு வந்தது. ஸ்டெல்லா வெளியே ஐஸ் போட்ட செண்டோல் வாங்கப் போயிருந்தார். அமிர்தா நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தாள்.

"மேடம், பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்குன்னு காரணம் எழுதியிருக்கு! அப்ப குழந்தை பிறந்ததுக்கு இதுவே ஆதாரம்தானே? அம்மாவோட ஐசி நம்பரும் இருக்கு. அவங்க குடிமகள்தான்." சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்தது. பிறகு இன்னும் கீழே படித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"தகவல் கொடுத்தவர் பேரு..."

கையை நீட்டி வாங்கினேன். செல்லத்துரை, தோட்டக் கிராணி. பெயருக்கு மேலே இருந்த விவரங்கள் எல்லாம் எனக்குப் பழக்கமான சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. என் பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளில் கையெழுத்துப் போட்ட கை.

என் கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கிரேஸ் செல்லத்துரை. அமிர்தா அதைப் பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள்.

"எங்க அப்பாதான்" என்றேன்.

சாவை எழுதியிருக்கிறார். புதைக்க வேண்டுமே, அதற்குக் காகிதம் தேவை. அந்தச் சாவுக்குக் காரணமான பிறப்பை எழுதவில்லை.

"எங்கம்மாவப் பாத்திருக்காரா?"

செண்டோல் கடையின் பிளாஸ்டிக் மேசையில் உட்கார்ந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். முதல் நாளே தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, பேசாமல் இருந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். ஐஸ் உருகிக் கிண்ணம் முழுக்கத் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப உங்க அப்பா எங்கம்மாவப் பாத்திருக்காரா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கேக்குறேன் டீச்சர். நேர்ல பாத்திருக்காரா?"

"தினமும் காலைல பெரட்டுல, வேலைக்கு நிக்கிற வரிசைல, பேர் கூப்பிடுறது அவர்தான். பார்த்திருப்பார்."

"உசுரோட இருக்காரா?"

"இருக்கார். சி ரூசாவுல, என் வீட்டுல."

திரும்பி வரும் வழியில் கோலா பிலா ஊரைத் தாண்டினோம். ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கூட இல்ல டீச்சர். இருந்ததெல்லாம் வெள்ளத்துல போச்சு. அத்தைக்கு அம்மாவப் பிடிக்காது, ஒண்ணும் சொல்லாது. எங்கம்மா நெட்டையா, குட்டையா, கறுப்பா, செவப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியாது."

கிராணியார்

அப்பாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. காது கொஞ்சம் மந்தம், நினைவு மட்டும் கூர்மை. மாலை நாலு மணிக்குத் தேநீரோடு முன்னறையில் உட்கார்ந்து, சாலைக்கு அப்பால் சவுக்கு மரங்களுக்கு இடையே தெரியும் கடலைப் பார்ப்பார். இறப்புப் பதிவின் நகலை அவர் மடியில் வைத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். "என்ர எழுத்து" என்றார்.

"அந்தக் குழந்தையோட பிறப்பை ஏன் எழுதலப்பா?"

"அவைக்குக் கலியாணப் பத்திரம் இல்லை. கோயிலிலயும் கட்டேல்லை, சேர்ச்சிலயும் கட்டேல்லை. அவன் வேதக்காரன், அவள் சைவம். ஓடிவந்து சேர்ந்திருந்தவை. பத்திரம் கொண்டுவா எண்டு சொன்னனான். அவன் திரும்ப வரேல்லை."

"பத்திரம் தேவையில்லப்பா. தாய் குடிமகளா இருந்தா போதும். அப்பவும் அதான் சட்டம்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்? என்னைக் கொண்டுபோய்க் கோர்ட்டில நிறுத்தப் போறியோ?"

"அந்தக் குழந்தை அங்கதான் பிறந்ததுன்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுங்க. அப்ப அந்தத் தோட்டத்துல இருந்தவங்கள்ல உங்களத் தவிர வேற சாட்சி உயிரோட இல்ல."

"நாப்பது வரியமா ஆபீஸ் வேலை பார்த்தனான். ஒருத்தன் என்னைக் குறை சொன்னதில்லை." எழுந்து அறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டெல்லா வந்தார். நாதனும் ஜாயும் கூட வந்திருந்தார்கள். பூப்போட்ட சட்டையும் பாவாடையுமாக, தேவாலயத்துக்குப் போவது போல உடுத்தியிருந்தார். முன்வாசல் வழியாக நேராக வந்து அப்பாவின் நாற்காலிக்கு எதிரே நின்றார்.

"ஐயா, நான் சண்ட போட வரல. கையெழுத்து கேக்கவும் வரல. அது உங்க இஷ்டம். எங்கம்மா எப்படி இருப்பாங்க? அத மட்டும் சொல்லுங்க. போயிடுறேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கேட்கவில்லையோ என்று நினைத்து நான் குனிந்தேன். கையால் என்னை விலக்கினார்.

"உயரம்" என்றார். "உன்னைவிட உயரம். இந்த நெத்தி அவளின்ர நெத்திதான். கண் அருளப்பன்ர கண்."

ஸ்டெல்லா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தும் அது அவர் கண்ணில் படவில்லை.

"விறுவிறெண்டு நடப்பாள். பால் வாளி ரெண்டும் நிறைஞ்சிருந்தாலும் தளும்பாது. பெரட்டில பேர் கூப்பிட்டால் மற்றவை எல்லாரும் 'ஐயா' எண்டுவினம். லெட்சுமி மட்டும் 'இருக்கேன்' எண்டு சொல்லுவாள். ஐயா எண்டு ஒருநாளும் சொன்னதில்லை." அப்பா நிறுத்தினார். "திமிர் எண்டு நினைச்சன். எனக்கு அது பிடிக்கேல்லை."

அப்பா கடலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் வந்து நிண்டான், மழையில நனைஞ்சுகொண்டு. மனிசி செத்து ரெண்டு நாள். நான் எழுதியிருக்கலாம். புத்தகம் மேசையிலதான் கிடந்தது. சட்டம் எனக்கு வடிவாத் தெரியாது, உண்மை. ஆனா கேட்டுப் பாக்கவும் இல்லை. முறையாக் கட்டாததுகள், அலையட்டும் எண்டு விட்டன்."

ஸ்டெல்லா அழுதுகொண்டிருந்தார். எது அழ வைத்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்துக் காட்டியபோது அவர் சொன்ன இரண்டாவது திருத்தம் இந்த இடத்தில்தான்: "உங்கப்பா செஞ்சத நெனச்சு நான் அழுவல டீச்சர். எங்கம்மா விறுவிறுன்னு நடப்பாங்கன்னு சொன்னாருல்ல, அதுக்குத்தான். அத சரியா எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

"அது இருக்கட்டும்"

சத்தியப் பிரமாணத்தை அப்பாவே எழுதினார். ஆபீஸ் ஆங்கிலத்தில், அதே சாய்ந்த எழுத்தில், மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவதை வைத்துக்கொண்டார். போர்ட்டிக்சனில் கடைவரிசை ஒன்றின் மாடியில் சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலகம். லிஃப்ட் கிடையாது. ஒரு பக்கம் ஸ்டெல்லாவும் இன்னொரு பக்கம் நாதனும் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

ஆணையர் படித்துப் பார்த்து, ஒரு வரியில் பேனாவை வைத்தார். "அங்கிள், 'என்னிடம் கேட்டும் நான் எழுதவில்லை, அது என் தவறு' என்று போட்டிருக்கிறீர்கள். இது தேவையில்லை. பிறந்ததற்குச் சாட்சி சொன்னால் போதும்."

"அது இருக்கட்டும்" என்றார் அப்பா.

விண்ணப்பம் போனது. பிறகு காத்திருப்பு. அந்தக் காலத்தைப் பற்றி எழுதினால் அதுவே தனி அத்தியாயமாகிவிடும். நேர்முகம், மேலும் ஒரு காகிதம், மறுபடி நேர்முகம். அமிர்தா பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நேர்முகத்துக்கும் வந்தாள். அப்பா தினமும் மத்தியானம் தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டால், "வந்திட்டுதோ?" என்பார். கடிதம் இங்கே வராதப்பா, ஸ்டெல்லா வீட்டுக்குத்தான் போகும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவரே அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "இன்னும் வரல ஐயா" என்று சொல்வார். பத்து நிமிடமாவது பேசுவார்கள். லெட்சுமியைப் பற்றி அப்பாவுக்கு இன்னும் ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இரண்டு வருடத்துக்கும் மேலாயிற்று. முதலில் பிறப்புப் பத்திரம் வந்தது. அதன் பிறகு குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை. அந்த மாதமே ஸ்டெல்லாவும் நாதனும் கல்யாணத்தைப் பதிந்தார்கள். அமிர்தாவும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அம்மா அப்பா கல்யாணத்துக்கு வந்த ஜாய் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய விண்ணப்பம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. தாய்க்கு அட்டை இருப்பதால் இந்த முறை வழி தெரிகிறது. இடைநிலைப் பள்ளியில் அவளைச் சேர்த்தும் ஆயிற்று.

கல்லூரியில் அந்தப் பாடம் இன்னும் நடக்கிறது. கட்டுரை கிடையாது. முதல் நாள் வீட்டுக்குள் போனதும், "எங்களால் ஆகிற வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று மாணவர்கள் கேட்க வேண்டும். சில வீடுகளில் சிரித்துவிட்டு, ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள் என்கிறார்கள். சில வீடுகளில் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வருகிறார்கள், காகிதங்களோடு. கடைசி நாளில் முன்பு போல யாரும் அழுவதில்லை. வேலை பாதியில் நிற்பதால், மறுபடி வர வேண்டும் என்று தேதி பேசிக்கொண்டு போகிறார்கள்.

லுக்குட் சாலையில்

போன மாதம் ஸ்டெல்லா மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தார். முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றி, தோற்றுப் போனார். பக்கத்தில் இருந்த பதினேழு வயதுப் பெண் பிள்ளைகள் அவருக்கு யோசனை சொன்னார்களாம். இரண்டாவது தடவை தேறிவிட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் காலை, மீன் வாங்க லுக்குட் பசாருக்குப் புறப்பட்டவர் என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். ஐம்பத்தைந்து தாண்டிய எனக்கு மோட்டாரில் பின்னால் உட்காருவது சிங்கத்தின் மேல் உட்காருவது போல. இருந்தும் ஏறினேன். இத்தனை வருடமும் எங்கே போனாலும் உள்பாதைகளில், செம்பனைகளுக்கு நடுவே, போலீஸ் கண்ணில் படாமல்தான் போயிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரிய சாலைக்கு வந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது.

கடைத்தெருவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலைத் தடுப்பு. இரண்டு போலீஸ்காரர்கள் லாரிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் இளையவர் கையை ஆட்டி, போ போ என்றார்.

ஸ்டெல்லா போகவில்லை. ஓரமாக நிறுத்தினார். கால் ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, கைப்பையைத் திறந்து, அட்டையை எடுத்து அந்தப் போலீஸ்காரரிடம் நீட்டினார்.

"போகலாம் அக்கா, உங்களை நிறுத்தல" என்றார் அவர் மலாயில்.

"பரவால்ல தம்பி" என்றார் ஸ்டெல்லா தமிழிலேயே. "பாருங்க."

அந்தப் போலீஸ்காரருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அட்டையை வாங்கினார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெயரை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

ஸ்டெல்லா அதை வாங்கிப் பையில் வைத்து மூடிவிட்டு, என்னைப் பார்த்து, "ஏறுங்க டீச்சர், மீன் தீந்துடும்" என்றார்.